வளரிளம் பருவத்தினரின் சதிக்கோட்பாட்டு நம்பிக்கையை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகள் சதிக்கோட்பாடுகளை எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பதை அளப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும், முதன்முறையாகக் கள ஆய்வில் இறங்கும் கல்வியியல், உளவியல் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

சதிக்கோட்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? வதந்தி, பொய்ச்செய்தி எல்லாம் அதுதானே?

வதந்தி என்பது உறுதிசெய்யப்படாத செய்தி. பொய்ச்செய்தி என்பது தவறான தகவல். சதிக்கோட்பாடு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது, ஏனெனில் அது ஒரு விளக்கம். ஒரு நிகழ்வுக்கோ நிலைமைக்கோ காரணம், அதிகாரமுள்ள சிலர் ஒன்றுகூடி, மறைவாக, பிறருக்குத் தீங்காகத் தீட்டிய திட்டமே என்று அது சொல்கிறது. கூட்டு, மறைவு, தீய நோக்கம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

"ஏரியில் முதலை வந்துவிட்டதாம்" என்பது வதந்தி. "ஏரிக்கரை நிலத்தை மலிவாக வளைத்துப்போட நினைப்பவர்களும் அதிகாரிகளும் சேர்ந்துதான் முதலைக் கதையைக் கிளப்பிவிட்டார்கள்" என்பது சதிக்கோட்பாடு. இந்த இரண்டாவது கூற்று ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். அளக்கும்போது நமக்கு ஏற்படும் தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதை அளக்க வேண்டிய தேவை என்ன? பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தாலே தெரிந்துவிடுமே?

ஒரு பிள்ளையைப் புரிந்துகொள்ளப் பேச்சைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எட்டாம் வகுப்பைவிடப் பத்தாம் வகுப்பில் இந்த நம்பிக்கை கூடுகிறதா, ஊடகக் கல்வி அளித்த பள்ளியில் குறைகிறதா, தனிமையுணர்வோடும் பதற்றத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டா என்பன போன்ற கேள்விகளுக்குப் பேச்சு மட்டும் போதாது. எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

இதன் விளைவுகளைத் தமிழ்நாடும் பார்த்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய அச்சமூட்டும் செய்திகளை நம்பிப் பல பெற்றோர் தடுப்பூசிக்கு மறுத்தார்கள். அன்று பள்ளி வரிசையில் நின்ற பிள்ளைகள் அந்தச் செய்திகளைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்பதற்கு, அவர்கள் வயதுக்கென உருவாக்கிச் சோதித்த அளவுகோல் எதுவும் அப்போது உலகில் எங்குமே இல்லை.

பெரியவர்களுக்கான அளவுகோல்கள் நிறைய இருக்கின்றனவே, அவற்றையே கொடுத்தால் என்ன?

பெரியவர்களுக்கான அளவுகோல்கள் பொதுவாக இரண்டு வகைப்படும். முதல் வகை குறிப்பிட்ட நிகழ்வுகளைப் பற்றிக் கேட்கும்: கென்னடி கொலை, நிலவில் மனிதன் இறங்கியது, இளவரசி டயானாவின் மரணம். 1997இல் நடந்த டயானாவின் மரணத்தைப் பற்றி 2010இல் பிறந்த பிள்ளையிடம் கேட்டால், அது நம்பிக்கையை அளக்காது; பொது அறிவை அளக்கும், அதுவும் சரியாக அளக்காது.

இரண்டாம் வகை, நிகழ்வுகளின் பெயரைச் சொல்லாமல் பொதுவான மனப்போக்கை அளப்பது. 2013இல் ராபர்ட் பிரதர்டனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட 15 கூற்றுகள் கொண்ட அளவுகோலும், அதே ஆண்டில் மார்ட்டின் புரூடர் குழுவினர் வெளியிட்ட 5 கூற்றுகள் கொண்ட அளவுகோலும் இந்த வகையில் மிகுதியாகப் பயன்படுகின்றன. இவ்வகை பலனளிப்பதற்குக் காரணம், ஒரு சதிக்கோட்பாட்டை நம்புகிறவர் தொடர்பில்லாத மற்றொன்றையும் நம்பும் வாய்ப்பு அதிகம் என்பதாகும். டெட் கோர்ட்செல் நியூஜெர்சியின் தென்மேற்குப் பகுதியில் 348 பேரிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்விலேயே இது தெரிந்தது. ஆயினும் இவற்றின் மொழி பெரியவர்களுடையது. ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கருத்துகளை அடுக்கினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கடைசிக் கருத்துக்கு மட்டும் விடை எழுதும்.

அப்படியானால் அவர்கள் வயதுக்கென்று தனியாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. டேனியல் ஜோலி, கரன் டக்ளஸ் உள்ளிட்ட பிரிட்டன் உளவியலாளர்கள் 2021இல் வளரிளம் பருவத்தினருக்கென ஒரு வினாநிரலை வெளியிட்டார்கள். அதில் 9 கூற்றுகள் மட்டுமே உள்ளன. அரசு, மறைவான குழுக்கள், நோய்ப்பரவல் போன்றவை பற்றிய எளிய வாக்கியங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் எந்த அளவுக்கு உடன்படுகிறேன் என்பதை மாணவர் குறிக்க வேண்டும்.

இத்தகைய வினாநிரல் உருவாவதற்குப் பல படிகள் உண்டு. முதலில் தேவைக்கு மிகுதியாகக் கூற்றுகளை எழுதி, ஒரு பெரிய குழுவுக்குக் கொடுத்து, எவை ஒரே திசையில் சேர்ந்து நகர்கின்றன என்று காரணிப் பகுப்பாய்வின் மூலம் பார்ப்பார்கள். தனித்து நிற்கும் கூற்றுகளையும், ஏறத்தாழ எல்லாருமே ஒரே விடையைக் குறிக்கும் கூற்றுகளையும் நீக்குவார்கள். எஞ்சியவற்றை வேறொரு குழுவுக்குக் கொடுத்து அதே அமைப்பு மீண்டும் வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறர் மீதான அவநம்பிக்கை போன்று எதிர்பார்க்கத்தக்க பண்புகளோடு மதிப்பெண் தொடர்புகொள்கிறதா என்பது அதற்கடுத்த சோதனை. நீளமான வினாநிரலில் நாற்பதாவது கேள்விக்கு வருவதற்குள் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள் என்பதால் 9 என்பது நல்ல எண்ணிக்கை என்றே நான் கருதுகிறேன்.

எவ்வளவு மதிப்பெண் வந்தால் ஒரு பையன் "நம்புகிறவன்" என்று சொல்லலாம்?

எவ்வளவு வந்தாலும் சொல்லக் கூடாது. இது காய்ச்சல் அளக்கும் கருவி அன்று; இந்த மதிப்பெண்ணுக்கு மேல் நோய், கீழே நலம் என்று கோடு எதுவும் கிழிக்கப்படவில்லை. மதிப்பெண்கள் குழுக்களை ஒப்பிடவும், ஒரு பண்பு இன்னொரு பண்போடு எப்படிச் சேர்ந்து நகர்கிறது என்று பார்க்கவும் உருவாக்கப்பட்டவை.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை விடை என்று வைத்துக்கொண்டால் மொத்த மதிப்பெண் 9க்கும் 63க்கும் இடையில் அமையும். முதல் மாணவி எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள 4ஐக் குறிக்கிறாள், மொத்தம் 36. இரண்டாம் மாணவன் நான்கு கூற்றுகளுக்கு 7, நான்குக்கு 1, ஒன்றுக்கு 4 என்று குறிக்கிறான், அவனுக்கும் 36. முதலாமவள் "எனக்குத் தெரியவில்லை" என்கிறாள். இரண்டாமவனோ சிலவற்றை முழுமையாக நம்பி, சிலவற்றை முழுமையாக மறுக்கிறான். கூட்டுத்தொகை ஒன்றானாலும் பிள்ளைகள் இருவரும் ஒருவரல்லர். எனவே ஆய்வறிக்கையில் சராசரியோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கூற்றுக்கும் விடைகள் எப்படிப் பரவியிருந்தன என்பதையும் காட்டுமாறு என் மாணவர்களை வற்புறுத்துகிறேன்.

அரசுகள் உண்மையிலேயே பலவற்றை மறைத்திருக்கின்றனவே? அதை நம்பும் பிள்ளைக்கு ஏன் அதிக மதிப்பெண் போட வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்பவர் சொல்வது சரி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரை மையமாகக் கொண்டு 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு அவர்களின் நோயைப் பற்றிய உண்மையைச் சொல்லாமலும் உரிய சிகிச்சை அளிக்காமலும், நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துவந்தது. 2013இல் எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்க அரசு எவ்வளவு பரவலாகத் தகவல் தொடர்புகளைக் கண்காணித்தது என்பதைக் காட்டின. ஆகவே "அரசு மக்களை இரகசியமாகக் கண்காணிக்கிறது" என்ற கூற்றுக்கு உடன்படும் மாணவி மயக்கத்தில் இருக்கிறாள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவள் செய்தித்தாள் படிப்பவளாக இருக்கலாம்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முன்னோட்டச் சோதனையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை அருகில் உட்காரவைத்து, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லியபடியே விடை எழுதச் சொன்னேன். "அரசு சில தகவல்களை மக்களிடமிருந்து வேண்டுமென்றே மறைக்கிறது" என்ற கூற்றைப் படித்த உடனேயே, "முழுமையாக உடன்படுகிறேன்" என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டான். ஏன் என்று கேட்டேன். "பப்ளிக் எக்ஸாம் கொஸ்டின் பேப்பரை முன்னாடியே சொல்ல மாட்டாங்கல்ல சார்" என்றான். அவன் சொன்னதில் தவறே இல்லை. கூற்றில் மறைவு இருந்தது. தீய நோக்கம் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன மூன்று உறுப்புகளில் ஒன்றை நாங்கள் விட்டுவிட்டதை அந்தப் பையன்தான் கண்டுபிடித்தான். எண்களைப் பார்த்திருந்தால் அந்தக் கூற்று "நன்றாக வேலை செய்கிறது" என்றே நினைத்திருப்போம்.

"இளைஞர்களில் இத்தனை சதவீதம் பேர் சதிக்கோட்பாடுகளை நம்புகிறார்கள்" என்று செய்திகளில் வருகிறதே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வியின் சொற்களைப் பார்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்சில் இஃபோப் நிறுவனம் நடத்தி 2018 ஜனவரியில் வெளியான கருத்துக்கணிப்பு, பிரெஞ்சு மக்களில் 79 சதவீதத்தினர் குறைந்தது ஒரு சதிக்கோட்பாட்டையாவது நம்புவதாகக் காட்டியது. "கருத்து இல்லை" என்று ஒதுங்குவதற்கு உரிய வழி தரப்படவில்லை என்ற கடுமையான விமர்சனம் உடனே எழுந்தது. அதுவரை கேள்விப்பட்டே இராத ஒன்றைப் பற்றி ஆம் அல்லது இல்லை என்று சொல்லும்படி நெருக்கினால் வருவது நம்பிக்கை ஆகாது. அந்த நேரத்து ஊகம்தான்.

2023 ஜனவரியில் அதே நாட்டில் 11 முதல் 24 வயது வரையிலானவர்களிடம் நடத்திய கணிப்பில், 16 சதவீதத்தினர் பூமி தட்டை என்ற கருத்துக்கு உடன்பட்டதாகத் தலைப்புச் செய்திகள் வந்தன. ஆனால் அவர்களிடம் காட்டப்பட்ட வாக்கியம், பள்ளியிலிருந்து நமக்குச் சொல்லப்படுவதைப் போல உருண்டையாக இல்லாமல் பூமி தட்டையாக இருப்பது சாத்தியம்தான் என்ற பொருள்பட அமைந்திருந்தது. "சாத்தியம்தான்" என்று ஒப்புக்கொள்வதும் "தட்டை" என்று நம்புவதும் வேறுவேறு. விடையளித்தவர்கள் கவலைக்குரிய எதையுமே சொல்லவில்லை என்பது என் வாதமன்று. எனினும், "16 சதவீத இளைஞர்கள் பூமி தட்டை என்று நம்புகிறார்கள்" என்று எழுதுவது அந்தக் கேள்வி தாங்கக்கூடிய சுமையைவிட அதிகமானது.

எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று சொல்லும் பிள்ளைகளை என்ன செய்வது?

இது பிள்ளைகளிடம் மட்டும் உள்ள பழக்கமன்று. அமெரிக்காவில் சாப்மன் பல்கலைக்கழகம் 2016இல் நடத்திய கணிப்பில், "வடக்கு டகோட்டா விபத்து" பற்றி அரசு உண்மையை மறைக்கிறதா என்று கேட்டார்கள். அப்படியொரு விபத்தே இல்லை. அது சோதனைக்காக ஆய்வாளர்கள் இட்டுக்கட்டிய பெயர். இருந்தும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆம் என்றார்கள். வகுப்பறையில் ஆசிரியர் கொடுக்கும் தாளில் உள்ளது சரியாகத்தான் இருக்கும் என்று பழகிய பிள்ளைகளிடம் இந்தச் சாய்வு கூடுதலாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

உடன்படுகிறாயா என்று கேட்பதற்குப் பதிலாக இரண்டு விளக்கங்களை அருகருகே வைத்து எது சரியென்று தோன்றுகிறது என்று கேட்கலாம். "இதைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை", "தெரியவில்லை" ஆகிய இரண்டையும் தனித்தனி விடைகளாகக் கொடுக்கலாம். மேலே சொன்னதைப் போல் கற்பனையான ஒன்றையும் நடுவில் வைத்து, அதற்கும் உடன்பட்டவர்களின் மற்ற விடைகளைத் தனியே ஆராயலாம். பாதிக் கூற்றுகளை எதிர்மறையாக மாற்றி எழுதும் வழக்கமான உத்தியை மட்டும் இந்த வயதுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. "மறைக்கவில்லை என்பதற்கு உடன்படவில்லை" என்பதை அவிழ்த்துப் புரிந்துகொள்வது பெரியவர்களுக்கே கடினம்.

பசங்க விளையாட்டுக்கு ஏதாவது எழுதிவிட்டால்?

எழுதுவார்கள், அதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். அமெரிக்காவில் வளரிளம் பருவத்தினரின் உடல்நலம் பற்றிய ஒரு பெரிய தேசிய ஆய்வில், பள்ளியில் நிரப்பிய தாளில் தங்களுக்குச் செயற்கைக் கை அல்லது கால் இருப்பதாகக் குறித்தவர்களில் 253 பேரை வீட்டில் நேர்காணல் செய்தபோது, உண்மையில் அப்படி இருந்தவர்கள் 2 பேர் மட்டுமே. நண்பர்கள் சிரிப்பதற்காகச் சிலரும், கேள்வியைத் தவறாகப் படித்துச் சிலரும் குறித்திருந்தார்கள்.

அரிதான ஒன்றை அளக்கும்போது இந்தச் சிறு குறும்பு பெரும் பிழையாகிவிடுகிறது. நூறு பேரில் மூவர் உண்மையில் நம்பும் ஒன்றை, வேறு ஐவர் கேலிக்காக நம்புவதாகக் குறித்தால் நம் விடையின் பெரும்பகுதி கேலிதான். அதனால் நண்பர்களைத் தள்ளித்தள்ளி உட்காரவைக்கிறோம், பெயர் கேட்பதில்லை, "இந்த வரியில் மூன்றாம் கட்டத்தைக் குறிக்கவும்" என்பது போன்ற கவனச் சோதனை ஒன்றை இடையில் வைக்கிறோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, இது எதற்காக என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கு மரியாதையோடு விளக்குகிறோம். தங்கள் விடைக்கு மதிப்பு உண்டு என்று உணர்ந்த வகுப்பில் குறும்பு குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒன்றுக்கொன்று முரணான சதிக்கோட்பாடுகளைக்கூட ஒரே ஆள் நம்புவார் என்கிறார்களே, அது நிரூபிக்கப்பட்டதுதானே?

அப்படித்தான் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்தது. பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வுட், கரன் டக்ளஸ், ராபி சட்டன் ஆகியோரின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், டயானா கொல்லப்பட்டார் என்பதற்கும், அவரே தம் மரணத்தை நாடகமாக்கிவிட்டு உயிரோடு இருக்கிறார் என்பதற்கும் அளிக்கப்பட்ட மதிப்புகள் ஒன்றோடொன்று நேர்த்தொடர்பு கொண்டிருந்தன, அதாவது ஒன்று கூடும்போது மற்றதும் கூடியது. 2023இல் யான்-வில்லம் வான் புரோயன் குழுவினர் இதை மீளாய்வு செய்து, இரண்டையுமே மறுப்பவர்கள்தான் அந்தத் தொடர்பைப் பெரிதும் உண்டாக்குகிறார்கள் என்று காட்டினார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 மாணவர்களில் 60 பேர் இரண்டு கூற்றுகளுக்குமே 1 கொடுக்கிறார்கள். 20 பேர் முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 2. மீதி 20 பேர் அதற்கு நேர்மாறு. இரண்டு கூற்றுகளின் சராசரியும் 2. இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து நகர்கின்றன என்பதை -1 முதல் 1 வரையிலான எண்ணாகக் காட்டும் தொடர்புக் கெழு 0.25 வருகிறது, அதாவது நேர்த்தொடர்பு. ஆனால் இரண்டையும் சேர்த்து நம்புகிறவர் அந்த நூறு பேரில் ஒருவர்கூட இல்லை. தொடர்புக் கெழுவைப் பார்த்துவிட்டு ஒரு மனிதரின் மனத்துக்குள் முரண்பாடு இருப்பதாகச் சொல்லத் துணிவதற்கு முன், இரு விடைகளையும் ஒரு கட்டப் பட்டியலில் இட்டு எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தாளின் "உடன்படவில்லை" பக்கத்திலேயே நெருங்கி இருக்கும் வகுப்புகளில் இந்தப் பிழை நேர்வது எளிது.

14 வயதில்தான் இந்த நம்பிக்கை தொடங்குகிறது என்று படித்தேன். உண்மையா?

மேலே சொன்ன 2021ஆம் ஆண்டு வினாநிரலை உருவாக்கியவர்களின் தரவுகளில் 14 வயதை ஒட்டி நம்பிக்கை உயர்ந்து காணப்பட்டது. செய்திகள் அதைத் "தொடங்கும் வயது" என்று எழுதிவிட்டன. அது வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே காலத்தில் ஒப்பிட்டுப் பெற்ற முடிவு. ஒரே பிள்ளையை 11 வயது முதல் 18 வயது வரை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து பெற்றதன்று. வயதால் வந்த வேறுபாடா, அந்தந்த வயதினர் பார்த்து வளர்ந்த காணொளிகளாலும் நிகழ்வுகளாலும் வந்த வேறுபாடா என்பதை இந்த முறையால் பிரித்துச் சொல்ல முடியாது.

வினாநிரலைக் கொடுப்பதன் மூலம் நாமே இந்தக் கருத்துகளைப் பிள்ளைகள் மனத்தில் விதைத்துவிட மாட்டோமா?

இந்த அச்சத்தை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும் என்பது 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டாப்பினோ ஆகியோரின் சோதனையிலிருந்தே தெரிந்த ஒன்று. தடுப்பூசி பற்றிய சதிக்கோட்பாடுகளைப் படித்த பெரியவர்களிடம் தடுப்பூசி போடும் விருப்பம் குறைந்ததை ஜோலியும் டக்ளசும் 2014இல் காட்டியிருக்கிறார்கள். எனவே குறிப்பிட்ட சமூகத்தையோ குறிப்பிட்ட தடுப்பூசியையோ பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டும் கூற்றை நான் பள்ளி வினாநிரலில் அனுமதிப்பதில்லை. பெயர் சொல்லாத பொதுக் கூற்றுகளை விரும்புவதற்கு இது இன்னொரு காரணம்.

விடைத்தாள்களை வாங்கியவுடன் கிளம்பிவிடவும் கூடாது. பதினைந்து நிமிடமாவது நின்று, எந்தக் கூற்றுகள் ஆதாரமற்றவை, எவற்றில் ஓரளவு உண்மை உண்டு, எதை எங்கே சரிபார்க்கலாம் என்று பேச வேண்டும். கற்பனைக் கூற்று எதையாவது வைத்திருந்தால் அது கற்பனை என்று அந்த வகுப்பைவிட்டு வெளியேறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆங்கில வினாநிரலைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. ஒருவர் தமிழாக்கி, மற்றொருவர் மூலத்தைப் பார்க்காமல் மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடும் வழக்கமான முறை அவசியம்தான். ஆனால் அது சொற்களைத்தான் காக்கும். "இரகசியச் சங்கங்கள் தலைவர்களை ஆட்டிவைக்கின்றன" என்று சுத்தமாக மொழிபெயர்த்தால், சங்கம் என்றதும் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் சங்கமும் இன்னொரு பிள்ளைக்குச் சங்க இலக்கியமும் நினைவுக்கு வரும். சரி, "இலுமினாட்டி" என்றே போட்டுவிடலாம் என்றால், அந்தச் சொல் நம் பிள்ளைகளுக்கு மிக நன்றாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் கேலிச் சொல்லாகத் தெரியும். "ஆமாம், எல்லாம் இலுமினாட்டி வேலை" என்று குறிப்பவன் நம்பிக் குறிக்கிறானா, சிரித்துக்கொண்டே குறிக்கிறானா என்று தாள் சொல்லாது. "மறைவாகச் செயல்படும் ஒரு சிறு கூட்டம்" என்று விரித்து எழுதுவதே எங்களுக்குச் சரிப்பட்டுவந்தது.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம் இன்னொரு தடை. "கட்டுப்படுத்தப்படுகின்றனர்" போன்ற செயப்பாட்டு வினைகள், நம்பிக்கையை அளப்பதற்கு முன் வாசிப்புத் திறனை அளந்துவிடுகின்றன. யார் செய்கிறார்கள் என்பதை முதலில் வைத்து, சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். பிறகு ஐந்தாறு பிள்ளைகளை வாய்விட்டு யோசிக்கச் சொல்லுங்கள், வினாத்தாள் பற்றிச் சொன்ன மாணவனிடம் நான் செய்ததைப் போல. இத்தனையும் செய்த பிறகும், தமிழ்ப் பிள்ளைகளின் சராசரியைப் பிரிட்டன் பிள்ளைகளின் சராசரியோடு நேருக்குநேர் ஒப்பிடக் கூடாது. இரு மொழிகளிலும் கூற்றுகள் ஒரே விதமாக இயங்குகின்றன என்பதைப் புள்ளியியல் வழியில் காட்டிய பின்னரே ஒப்பீடு பொருள்படும்.

தலைமையாசிரியர் அனுமதி கொடுத்துவிட்டால் போதும் அல்லவா?

அது முதல் கதவு மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 18 வயதுக்குட்பட்டவர்கள் பங்கேற்கும் ஆய்வுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் எழுத்துவழி இசைவும் வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற வேண்டும். விரும்பாத பிள்ளை எழுந்து போகலாம் என்று சொன்னால் மட்டும் போதாது, எழுந்து போகிறவருக்குச் செய்ய வேறு வேலையும் உட்கார வேறு இடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வகுப்பில் யாரும் எழ மாட்டார்கள். அரசைப் பற்றிய கூற்றுகள் இருப்பதால், அரசு ஊழியரான ஆசிரியர் விடைத்தாளைப் பார்ப்பார் என்ற அச்சமும் பிள்ளைகளுக்கு உண்டு. தாள்களை மாணவர்களே உறையிலிட்டு ஒட்டித் தரும்படி செய்யுங்கள்.

ஊடகக் கல்விப் பாடம் நடத்தினோம், பிறகு மதிப்பெண் குறைந்தது. பாடம் வெற்றி என்று எழுதலாமா?

உடனே எழுத வேண்டாம். பாடம் நடத்தப்படாத ஓர் ஒப்பீட்டு வகுப்பு இருந்ததா என்பது முதல் கேள்வி, ஏனெனில் இரண்டாம் முறை அதே தாளைப் பார்க்கும் பிள்ளைக்கு ஆசிரியர் எந்த விடையை எதிர்பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். அடுத்தது, எது குறைந்தது என்பது. டஸ்கீகி போன்ற உண்மையான சதியைப் பற்றிச் சொன்னாலும் "அதெல்லாம் கட்டுக்கதை" என்று தள்ளும் அளவுக்குப் பிள்ளைகள் மாறியிருந்தால், நாம் கற்றுக்கொடுத்தது ஆராய்தலை அன்று, அதிகாரத்துக்குத் தலையாட்டுவதை. ஆதாரம் உள்ள கூற்றுகள் சிலவற்றையும் ஆதாரமற்றவை சிலவற்றையும் கலந்து கொடுத்து, இரண்டுக்கும் அளித்த விடைகளின் இடைவெளி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளிதான் நான் பார்க்க விரும்பும் எண்.

என் மகனுக்கு இந்த வினாநிரலை வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். தனி ஒருவரின் மதிப்பெண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதை முன்பே பார்த்தோம். அதோடு, அப்பாவோ அம்மாவோ கையில் தாளுடன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவன் எழுதுவது உங்களுக்கான விடையாகவே இருக்கும்.

அவன் பார்க்கும் காணொளியை ஒருநாள் கூடவே உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். "இதில் எது உனக்குச் சரியென்று படுகிறது, கண்ணா? இதைச் சொல்பவருக்கு இது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.